மாடியறையில் என்ன இருந்தது

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கோயிலுக்குள் நுழைவதற்கு முன்னால் வாசல் பலகையைத்தான் பார்ப்பார்கள். சர்வேசுரன் கோபித்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியம். அந்த வாரம் டாக்கீஸில் என்ன படம், அதை யார் பார்க்கலாம், யார் பார்க்கக்கூடாது என்று அங்கே ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'எல்லோரும் பார்க்கலாம்' என்றால் குழந்தை குட்டிகளோடு கிளம்பலாம். 'வளர்ந்தவர்கள் மட்டும்' என்றால் கல்யாணமானவர்கள் போகலாம். மற்றவர்கள் போய் வந்தவர்களிடம் கதை கேட்டுக்கொள்ளலாம். 'பார்க்கத் தகாதது' என்று எழுதிவிட்டால் அடுத்த சனிக்கிழமை சாமியிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்குக் கூட்டம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்கும்.

தாளின் அடியில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். ஒருவர் உபதேசியார் இன்னாசிமுத்து. வேதத்துக்கு விரோதமாகப் படத்தில் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. இன்னொருவர் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். புடவை எங்கே இறங்குகிறது, எங்கே ஏறுகிறது என்பதெல்லாம் அவர் கணக்கு. மூன்றாமவர் ஞானமுத்து. சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் மெஷின் பழுதுபார்க்கிற பிட்டர். அவர் எதற்கென்றால், மூன்று பேரில் சினிமா பிடித்தவர் அவர் ஒருவர்தான். பதினோரு வருஷமாக வெள்ளிக்கிழமை மேட்னி அவருக்குத் தவறியதில்லை. அதற்காகவே ஷிப்டை மாற்றி வாங்கிக்கொள்வார். மில் லைனில் அவரை 'சினிமாச் சாமி' என்று கூப்பிடுகிறவர்கள் உண்டு. காதில் விழுந்தால் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொள்வார். உள்ளுக்குள் இனிக்கும்.

அவருக்கு ஒரே மகள், விமலாராணி. வயது பதினாறு. ஐம்பத்தெட்டாம் வருஷம் வைகாசியில்தான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸாகியிருந்தாள். கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் டீச்சர் டிரெயினிங் சேரவேண்டும். விண்ணப்பமெல்லாம் தயார். பங்குச்சாமி தருகிற நடத்தைக் கடுதாசி ஒன்றுதான் பாக்கி. அது திங்கட்கிழமைக்குள் போய்ச் சேரவேண்டும். அவள் மாதா சபைப் பெண். பலகையில் தாள் ஏறாத படத்தை மாதா சபைப் பெண்கள் பார்க்கக்கூடாது என்பது சட்டம். பார்த்தால் சபை அடையாளமான கழுத்து நீல ரிப்பன் போகும். ரிப்பன் போனவளுக்குச் சாமி கடுதாசி தரமாட்டார். போன வருஷம் ஒரு பெண்ணுக்கு அப்படித்தான் ஆயிற்று. அவள் இப்போது மில்லில் ரீலிங் பிரிவில் நூலைச் சிட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரம் வந்த படம் 'மூடிய மாளிகை'. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலை அள்ளிக்கொண்டு வந்து தெருவில் கொட்டிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை. மூன்று நீதிபதிகளும் குடைகளை மடக்கிக்கொண்டு சேர் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். தகரக் கூரையில் தூறல் சடசடத்தது. முன்னால் தரையில் பீடிப்புகை. குட்டைச்சுவருக்கு அந்தப் பக்கம், பெண்கள் பெஞ்சுகளில், பாதி ஆட்டத்துக்குக் குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன.

படம் அபாரமாக இருந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். மலைமேல் ஒரு பங்களா. அந்த வீட்டுக்காரருக்கு இரண்டாந்தாரமாக ஒரு பெண் வாழவருகிறாள். மாடியில் ஒரு அறை பூட்டியே கிடக்கிறது. பொழுது சாய்ந்தால் அங்கிருந்து ஒரு சத்தம் வருகிறது. யாரோ தரையை நகத்தால் சுரண்டுகிற சத்தம். கேட்டால் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பேய்ப்படம் என்றாலே புகையைக் கிளப்பி, நாலு பேரைத் தலைவிரிகோலமாக ஓடவிடுகிற ஊரில், இந்தப் படத்தை எடுத்தவன் பின்னணி வீணையைக்கூட நிறுத்திவிட்டான். வெறும் சுரண்டல். ஞானமுத்துவின் பிட்டர் காது அதில் சொக்கிப்போனது. கதவுக் கீல் முனகியது பாருங்கள், அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருந்தால் படமே இல்லை என்று நினைத்துக்கொண்டார். அடடா, வேலை தெரிந்தவன்!

கடைசியில் அந்தப் பெண் விளக்கை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். சாவி பூட்டில் திரும்பியது. கதவு அசைந்தது.

ஞானமுத்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். கை தானாகவே சட்டைப் பையில் இருந்த செபமாலையைப் பிடித்தது. ஒரு அலறல் கேட்டது. அப்புறம் வெகுநேரம் சத்தமே இல்லை. திரும்ப வீணை கேட்டபின் அவர் மெல்லக் கண்ணைத் திறந்தபோது, அந்தப் பெண் அழுதுகொண்டே படியிறங்கி வந்துகொண்டிருந்தாள். மாடியறைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே என்ன இருந்ததென்று அவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருவரும் சிலைபோல உட்கார்ந்திருந்தார்கள். தான் ஒருவன்தான் கோழை என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சோற்றுக்கு அவர் வீட்டில் கறி கிடையாது, கதை உண்டு. அன்றைக்கு ராகிக்களியும் தட்டப்பயிறுக் குழம்பும். அவர் மனைவி இருதயம்மாள் களியை உருட்டி வைத்து நடுவில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினாள். விமலாராணி தலை குனிந்து உண்டுகொண்டிருந்தாள். ஞானமுத்து பங்களாவைச் சொன்னார், சுரண்டலைச் சொன்னார், கீலைக்கூடத் தொண்டையால் முனகிக் காட்டினார். மாடிப்படி வந்ததும் ஒரு வாய்த் தண்ணீர் குடித்தார்.

"கதவு தொறந்துச்சா... உள்ள பாத்தா ஒரு எலும்புக்கூடு! மண்டையோட்டுல ரெண்டு கண்ணு மட்டும் கங்காட்டம் எரியுது. அது வாயத் தொறந்து சிரிச்சுது பாரு, டாக்கீஸே ஆடிப்போச்சு!"

"சிரிக்கவே இல்லீங்கப்பா அந்தம்மா," என்றாள் விமலாராணி.

குழம்புக் கரண்டி இருதயம்மாள் கையில் அப்படியே நின்றது.

"எந்தம்மா?" என்றார் ஞானமுத்து.

மகள் தலையை இன்னும் குனிந்துகொண்டாள். காது மடல் சிவந்துவிட்டது. இருதயம்மாள்தான் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நாந்தான் அனுப்பிச்சேனுங்க. பக்கத்தூட்டுப் பாப்பாயி இன்னிக்கு மேட்னிக்குப் போறேன்னா, கூடப் போயிட்டு வா கண்ணுன்னு சொல்லிப்போட்டேன். நீங்க சேர்ல உக்காந்திருந்தீங்க, அவ பெஞ்சுல உக்காந்திருந்தா."

"தாள் ஏறலியே புள்ள!"

"நாளான்னிக்கு ஏறிருமில்லீங்க? ரெண்டு நாள் முந்திப் பாத்தா என்ன கொறஞ்சு போச்சு? பதினோரு வருசமா நீங்க பாத்துட்டு வந்து சொல்ற படத்தையேதான் நாங்க பாத்துட்டு இருக்கறோம். பாஸாயிப்போட்டா. ஒரு படத்தையாச்சும் அவ கண்ணால பாக்கட்டும்னு தோணுச்சு."

"சாமிக்குத் தெரிஞ்சா கடுதாசி என்னாகும்? அத நெனச்சியா?"

இருதயம்மாள் அதை நினைக்கவில்லை. நினைத்ததும் முகம் வெளுத்தது. ஆனால் அவள் சும்மா விடுகிற ஆளும் இல்லை.

"அதுசரிங்க. இல்லாத எலும்புக்கூடு எங்கிருந்து வந்துச்சு?"

ஞானமுத்து களியை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார். "கண்ண மூடிட்டேன் புள்ள," என்றார் கடைசியில்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும். மகளைப் பார்க்காமலே கேட்டார்: "உள்ள என்ன கண்ணு இருந்துச்சு?"

"ஒண்ணுமே இல்லீங்கப்பா. ஒரு பாய், ஒரு சொம்பு. மூலையில அந்தம்மா உக்காந்திருந்தாங்க. அந்த ஊட்டுக்காரரு மொதல்ல கட்டுனவங்க. சீக்குன்னு மேல வெச்சுப் பூட்டிப்போட்டாங்களாமா. அப்பறம் சோறு கொண்டுட்டுப் போறதுக்கே ஆளாளுக்கு மறந்துபோட்டாங்களாமா. அப்பிடியே செத்துப்போயிட்டாங்க."

"மொகம் எப்பிடி இருந்துச்சு?"

"பசிச்ச மொகமுங்கப்பா. அவ்வளவுதான். இந்தப் புதுப்பொண்ணு கையில வெளக்கு நடுங்குது. ஆனா ஓடல. 'அக்கா, சோறு ஆறுது, வாங்க'ன்னு கூப்புட்டாங்க. பொறவு சோறு போட்டாங்க. அதோட அந்தம்மா போயிட்டாங்க. ஊட்டுல சத்தமும் நின்னுபோச்சு."

"அப்ப அலறுனது யாரு?"

"அது ஊட்டுக்காரருங்க. படிக்கட்டுல நின்னுட்டு."

இருதயம்மாளுக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ஞானமுத்துவும் மீசைக்குள் சிரித்தார். பிறகு, "உனக்குப் பயமா இல்லியா?" என்று கேட்டார்.

"நெம்பப் பயமா இருந்துச்சுங்க. பாப்பாயக்கா முந்தானையில மூஞ்சிய மூடிக்கிட்டாங்க. நானும் மூடிக்கலாம்னு பாத்தேன். மூடிக்கிட்டா அது என்னன்னே தெரியாமப் போயிருமே, ராத்திரிக்கு ஊட்டுக்கே வந்துருமேன்னு பாத்துட்டே இருந்துபோட்டேன்."

விடிந்ததும் இருதயம்மாள் கணவனுக்குச் சோற்றுத் தூக்குப்போசியைக் கொடுத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னாள்: "பொழுதோட சாமிகிட்டக் கூடறப்ப நீங்களே பாத்தாப்பல சொல்லிப்போடுங்க. அவ பேரு எதுக்குங்க வருது?" மில் சங்கு ஊதியது. அவரும் அதைத்தான் நினைத்திருந்தார். எண்ணெய்க்குடுவையோடு ஒவ்வொரு ரிங் பிரேமாகப் போகும்போதெல்லாம், அந்த அறையைத் தான் பார்த்ததுபோல மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை பங்குச்சாமியின் அறையில் கூடினார்கள். சாமி தெற்கத்திக்காரர், அதிகம் பேசமாட்டார். மேசைமேல் வெள்ளைத் தாள் ஒன்றும், கட்டி வைத்த சில காகிதங்களும் இருந்தன. அதில் மேலாக விமலாராணியின் விண்ணப்பம். ஞானமுத்து அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சன்னலைப் பார்த்தார்.

"பிள்ளைகளுக்கு ஆகாதுங்க சாமி," என்று உபதேசியார் ஆரம்பித்தார். "மாடியறையில பெரிய பிசாசு. கொம்பு மொளச்சிருக்குது. பேய் உண்டுன்னு காட்டுறதே வேதத்துக்கு விரோதமுங்க."

"கொம்பெல்லாம் இல்ல," என்றார் போஸ்ட்மாஸ்டர். "ஒரு மோகினி. உடுத்தியிருந்தது போதாது. பதிமூணு வயசுல இருந்து பதினெட்டு வயசு வரைக்கும் இருக்கிற பசங்க மனசு ஈர மண்ணு மாதிரி, எது பட்டாலும் பதிஞ்சுக்கும். தகாததுன்னு எழுதுங்க சாமி."

சாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே படத்தைத்தானே பார்த்தீர்கள்?"

அப்போது ஞானமுத்து பேசினார். நன்றாகவே பேசினார். பாயைச் சொன்னார், சொம்பைச் சொன்னார். பசித்த முகத்தைச் சொன்னார். 'அக்கா, சோறு ஆறுது' என்ற இடத்தை இரண்டு தரம் சொன்னார். படம் முடிகிறபோது பேய்மேல் பயம் இல்லை சாமி, அந்த வீட்டுக்காரர்கள்மேல்தான் கோபம் வருகிறது என்றார். வளருகிற பிள்ளைகள் பார்க்கவேண்டிய படம் என்றார். சாமி பேனாவைக் கையில் எடுத்துவிட்டார். போஸ்ட்மாஸ்டர், "அதத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார்.

சாமி எழுதப்போனவர் நிறுத்தினார்.

"ஒன்று கேட்கவேண்டும். செத்தவளுக்குச் சோறு எப்படிப் போட்டாள்? இலை போட்டு, விளக்கு வைத்து, கும்பிட்டுப் படைத்தாளா? இல்லை, வீட்டுக்கு வந்த ஆளுக்குப் போடுவதுபோலப் போட்டாளா? படையல் என்றால் நான் ஒப்புக்கொள்ள முடியாது. நம் பிள்ளைகள் நாளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் போய் அதையே செய்யும்."

ஞானமுத்து திடுக்கிட்டார். இதை மகளிடம் கேட்கவில்லையே! வீட்டுக்கு வந்த ஆளுக்குப் போட்டதுபோலத்தான் என்று சொல்லிவிட்டால் போதும். அப்படி இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இருநூறு வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தாளை நம்பி டாக்கீஸுக்குப் போகும். அவருடைய வாயிலிருந்து வரப்போவது இன்னொரு எலும்புக்கூடு. உண்மையைச் சொன்னாலோ, மேசைமேல் இருக்கிற விண்ணப்பம் அங்கேயே கிடக்கும்.

எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியாதுங்க சாமி. நான் பாக்கல. அந்த எடத்துல கண்ண மூடிட்டேன்."

உபதேசியார் மெல்லக் கனைத்தார். "எனக்கும் அந்த நேரத்துல... ரெண்டு அருள்நிறை மந்திரம் சொல்லவேண்டி வந்துருச்சுங்க சாமி."

"நான் கண்ணாடி தொடைச்சிட்டு இருந்தேன்," என்றார் போஸ்ட்மாஸ்டர்.

சாமி பேனாவை மூடினார். "அப்படியென்றால் மாடியறையைப் பார்த்தது யார்?"

"எம் பொண்ணுங்க சாமி," என்றார் ஞானமுத்து. "தாள் ஏறலீன்னு தெரிஞ்சுதான் போனா. அவளக் கேட்டா உள்ளதச் சொல்லுவா."

கூப்பிட்டு வரச் சொன்னார் சாமி. ஞானமுத்து குடையை மறந்து மழையிலேயே நடந்தார். நடந்ததைக் கேட்டதும் இருதயம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். "இதச் சொல்லத்தான் போனீங்களா?" என்றாள். விமலாராணி ரிப்பனை எடுத்துக் கழுத்தில் கட்டிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் வாசலில் இறங்கிவிட்டாள்.

"உனக்கு இஷ்டமில்லாட்டி வரவேண்டாம் அம்மிணி," என்றார் அவர் வழியில். "நான் போய்ச் சமாளிச்சுக்கறேன்."

"கேட்டாச் சொல்லிப்போடறனுங்கப்பா. நல்ல படமுங்க. தகாததுன்னு எழுதிப்போட்டா, பாக்காதவங்கெல்லாம் உள்ள எலும்புக்கூடு இருக்குதுன்னே நெனச்சுக்குவாங்க."

சாமி அவளை உட்காரச் சொல்லவில்லை. அதே கேள்வியைக் கேட்டார்.

"படையல் இல்லீங்க சாமி," என்றாள் விமலாராணி. "இலையே போடலீங்க. கீழ அவங்க உண்டுட்டிருந்த தட்டத்தையே எடுத்துட்டுப் போயி, எதுத்தாப்பல உக்காந்துக்கிட்டாங்க. கும்புடலீங்க. அந்தம்மாவுக்குக் கை எந்திரிக்கவே இல்ல. நெம்ப நேரம் செண்டுதான் எந்திரிச்சுது. சோத்தப் பெசஞ்சாங்க. மொத உருண்டைய அவங்க உண்கலீங்க சாமி. இந்தப் புதுப்பொண்ணு வாயில ஊட்டுனாங்க. அத்தன வருசம் பட்டினியாக் கெடந்தவங்க, மொதல்ல இவங்களுக்குத்தான் ஊட்டுனாங்க."

உபதேசியார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாமி மேசைமேல் இருந்த விண்ணப்பத்தைப் பார்த்தார்.

"தாள் ஏறாத படம் என்று தெரியும்?"

"தெரியுமுங்க சாமி."

சாமி கையை நீட்டினார். விமலாராணி ரிப்பனை அவிழ்த்து அந்தக் கையில் வைத்தாள். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் கொஞ்சம் நேரமாயிற்று. ஞானமுத்து சுவரில் மாட்டியிருந்த தேவமாதா படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

"மூன்று மாதம் இது என்னிடம் இருக்கட்டும்," என்றார் சாமி. "சட்டம் சட்டம்தான்." பிறகு அந்தக் காகிதக் கட்டை இழுத்து, விண்ணப்பத்தை எடுத்து, கடுதாசியை அங்கேயே எழுதினார். நல்ல நடத்தை என்று வழக்கமாக எழுதுகிற வரிகளுக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தார்: தனக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தும் இந்தப் பெண் கண்டதைக் கண்டபடி சொன்னாள், இவளிடம் பிள்ளைகளை ஒப்படைக்கலாம்.

அப்புறம் வெள்ளைத் தாளை ஞானமுத்துவின் பக்கம் தள்ளினார். அவர் சொல்லச் சொல்ல ஞானமுத்து எழுதினார்: 'மூடிய மாளிகை. மிக நல்ல படம். பதிமூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பார்க்கலாம். பெரியவர்கள் தனியே போக வேண்டாம். பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துச் செல்லவும்.' கடைசி வரியைச் சொல்லும்போதும் சாமி சிரிக்கவில்லை. வழக்கம்போல மூன்று பேரும் கையெழுத்துக்கு நெருங்கி வந்தார்கள். "படம் பார்த்தவர்தான் போடவேண்டும்," என்று சாமி பேனாவை வாங்கி விமலாராணியிடம் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அப்பா, அம்மா, மகள் மூன்று பேருமாகச் சேர் வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள், ஞானமுத்து நடுவில். இருதயம்மாள் கடலைப் பொட்டலத்தை முதல் ரீலிலேயே தீர்த்துவிட்டு, சுரண்டல் சத்தம் வந்ததும் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். விளக்கு மாடி ஏறியது. சாவி திரும்பியது. ஞானமுத்து இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

மகள் சொன்ன முகம் அது இல்லை. கண் இருந்த இடத்தில் இரண்டு குழி. கன்னம் எலும்போடு ஒட்டியிருந்தது, உதடு பல்லைவிட்டு விலகியிருந்தது. கொம்பு முளைத்த பிசாசு என்று உபதேசியார் சொன்னதில் பெரிய தப்பில்லை. பசிச்ச மொகம், அவ்வளவுதான் என்று இவள் எப்படிச் சொன்னாள்? திரும்பி மகளைப் பார்த்தார். அவள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பயம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் திரையைப் பார்த்தார். மனசு மூடு மூடு என்றது, அவர் மூடவில்லை. திரையில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க, எத்தனையோ நாளாக யாரும் சோறு போடாத ஒரு பெண்ணின் முகமாக அது தெரிய ஆரம்பித்தது. மகள் ஒன்றும் குறைத்துச் சொல்லவில்லை, அவள் அதிக நேரம் பார்த்திருக்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது.

இந்தப் பக்கம் இருதயம்மாள் முந்தானையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவரை இடித்தாள்.

"ஏனுங்க, என்னாச்சுங்க? உள்ள என்னதான் இருக்குது? சொல்லுங்க."

"நான் சொல்லமாட்டேன் இருதயம்," என்றார் ஞானமுத்து. "முந்தானைய எடுத்துப்போட்டு நீயே பாரு."